எஸ்பிரெசோ இயந்திரத்தில் உப்புப் படிவு நீக்கியபோது நேர்ந்த ஆபத்தான தவறு குறித்த புகார்

அனுப்புநர்:
காபிக் கடை உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 10.03.2025

பொருள்: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் கீழ் 15.02.2025 அன்று செய்யப்பட்ட தவறான பணி – இழப்பீடும் பழுதுநீக்கமும் கோருதல்.

பார்வை: தங்கள் நிறுவனத்தின் 03.03.2025 நாளிட்ட மின்னஞ்சல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2023 ஜூன் மாதம் தங்கள் நிறுவனத்திடம் இரண்டு குரூப்பும் (காபி இறங்கும் தலைப்பகுதி) 11 லிட்டர் பாய்லரும் கொண்ட எஸ்பிரெசோ இயந்திரம் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கினேன். ஓராண்டு உத்தரவாதம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் தங்களிடமே போட்டேன். அந்த ஒப்பந்தத்தின்படி 15.02.2025 சனிக்கிழமை உப்புப் படிவை நீக்க வந்த தங்கள் பணியாளர் செய்த வேலையால், என்னிடம் வேலை பார்க்கும் தம்பிக்குக் கை வெந்தது. ஒன்பதாம் நாள் இயந்திரமும் நின்றுபோனது. இதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலில், "தண்ணீரின் தரத்தால் ஏற்பட்ட பழுது என்பதால் நிறுவனம் பொறுப்பேற்காது" என்று இரண்டே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதை நான் ஏற்க இயலாது என்பதையும் அதற்கான காரணங்களையும் இக்கடிதத்தில் தெரிவிக்கிறேன்.

முதலில் தண்ணீரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தைப் பொருத்திய நாளில், தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் தேவைப்படாதா என்று நானே கேட்டேன். "கோவைக்குத்தான் சிறுவாணித் தண்ணீர் இருக்கிறதே" என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி பதில் சொன்னார். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது எங்கள் தெருவுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. மற்ற நாட்களில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். பழுதுக்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில், அதன் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 580 மில்லிகிராம் என்று தெரிந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் சொல்கிறது. ஆக, குடிப்பதற்கு விதியே இடம் கொடுக்கும் இந்தத் தண்ணீர், சுமார் 120 டிகிரியில் நாள் முழுக்கக் கொதிநிலையில் இருக்கும் பாய்லருக்கு ஆகாது. சூட்டில் அதன் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாக ஹீட்டரின் மேல் படிந்துவிடும். இது என்னைப் போன்ற கடைக்காரனுக்கு நாக்கில் தெரியாது. இயந்திரம் விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, 2024 செப்டம்பரிலும் டிசம்பரிலும் நடந்த பராமரிப்பு வருகைகள். இரண்டு முறையும் தங்கள் ஆட்கள் துளையில்லாத வடிகட்டியில் பொடியைப் போட்டு குரூப்பைப் பின்னோட்டமாகக் கழுவினார்கள், வெளித்தகட்டைத் துடைத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். சேவை அறிக்கையில் "உப்புப் படிவு நீக்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள். அந்தப் பொடி காரத்தன்மை உள்ளது. காபியின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கானது. சுண்ணாம்பு கரைய அமிலம் வேண்டும். அரை ஆண்டுக் காலம் பாய்லரை யாரும் தொடாமலே தொட்டதாக எழுதப்பட்டிருக்கிறது.

விளைவு ஜனவரியில் வெளியே தெரிந்தது. நீராவிக் குழாயிலிருந்து ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து தெறித்தது. பாலில் நுரை நிற்கவில்லை. நீர்மட்டம் காட்டும் கம்பியின் மேல் சுண்ணாம்பு மூடிவிட்டால், தண்ணீர் இருந்தும் இல்லை என்று இயந்திரம் எண்ணிக்கொண்டு மேலும் மேலும் நிரப்பும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மூன்று முறை தொலைபேசியில் சொன்ன பிறகே ஆள் வந்தார்.

அன்று நடந்ததை நான் கண்ணால் பார்த்தபடி எழுதுகிறேன். காலை பதினொரு மணி. பாய்லர் அழுத்தமானியின் முள் 1 பாருக்குச் சற்று மேலே நின்றது. மின் இணைப்பைத் துண்டிக்கவில்லை, தண்ணீர் வால்வை மூடவில்லை, நீராவிக் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கவுமில்லை. அந்த நிலையிலேயே நீர்மட்டக் கம்பியின் மரையில் ஸ்பானரை வைத்துத் திருகினார். இரண்டாவது சுற்றில் ஆவி சீறிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. கோப்பைகளை எடுக்க அருகில் நின்ற தம்பியின் இடது முன்கையில் நான்கு அங்குல நீளத்துக்குத் தோல் வெந்து கொப்புளமானது. அந்தப் பாய்ச்சல் ஓர் அடி மேலே போயிருந்தால் முகத்தில் அடித்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. மெயின் சுவிட்சை அணைத்து, முள் பூஜ்யத்துக்கு வந்து, பாய்லரின் சூடு ஆறும்வரை காத்திருந்து, அதன்பின் மரையில் கை வைப்பது இந்த வேலையின் முதல் பாடம் அல்லவா?

நான் தம்பியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள், தங்கள் பணியாளர் தன் பையிலிருந்து பெயர்ச்சீட்டு இல்லாத பழைய குடிநீர் பாட்டில் ஒன்றை எடுத்து, அதிலிருந்த மஞ்சள் நிறத் திரவத்தை அளவு பார்க்காமல் பாய்லருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். மூக்கில் ஏறிய நெடியே அது குளியலறை கழுவும் ஆசிட் என்று சொல்லிவிட்டது. கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. மூன்றடி தள்ளித் தரை துடைக்கும் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி இருந்தது. அந்த ஆசிட் சிந்தி அதில் கலந்திருந்தால் குளோரின் வாயு கிளம்பியிருக்கும். நான்தான் வாளியை வெளியே தூக்கி வைத்தேன். அவரோ, சீக்கிரம் கரையட்டும் என்று ஹீட்டரையும் போட்டுவிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை மட்டும் தின்பதில்லை; பித்தளையையும் செம்பையும் அரிக்கும், துருப்பிடிக்காத எஃகிலும் குழி விழச் செய்யும். சிட்ரிக் அமிலமோ சல்ஃபாமிக் அமிலமோ உரிய விகிதத்தில் கரைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இவ்வளவு கனமாகப் படிந்த பாய்லரைக் கழற்றிப் பட்டறையில் சுத்தம் செய்வதே முறை என்பது என் கருத்து. உள்ளேயே கரைத்தால் பெயர்ந்த சில்லுகள் குறுகலான துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு முறை தண்ணீரை நிரப்பி வடித்துவிட்டு, "இனி வியாபாரம் பார்க்கலாம்" என்றார். நான் வெள்ளைக் கோப்பையில் வெந்நீரைப் பிடித்துப் பார்த்தேன். வெளிர் நீலமும் பச்சையுமாக இருந்தது. மூன்றாவது கோப்பையிலும் அதே நிறம்தான். செம்பு கரைந்து வரும் அந்தத் தண்ணீரை என் கடைக்கு வரும் மக்களுக்குக் கொடுக்க மனம் ஒப்பாமல் அன்று கடையை மூடினேன். அமிலம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் லிட்மஸ் தாள் நிறம் மாறாத நிலை வரும்வரை, இரவு பாய்லரை ஆறு முறை நிரப்பி வடித்தேன். படிவு நீக்கிய பிறகு சில எஸ்பிரெசோ இயந்திரங்களிலிருந்து ஈயம் மிகுதியாக வெளியேறுவதை ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013-இலேயே எச்சரித்திருக்கிறது. தங்கள் பணியாளருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

24.02.2025 காலை இயந்திரத்தைப் போட்டவுடன் கடையின் இ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. திறந்து பார்த்த மின்பணியாளர் ஹீட்டரின் உறையில் ஊசிமுனை அளவுக் குழிகளைக் காட்டினார். குரூப்பில் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வில் முட்டை ஓடு போன்ற சுண்ணாம்புச் சில்லுகள் சிக்கியிருந்தன. புகைப்படங்களையும் ஆய்வறிக்கையையும் மருத்துவமனை ரசீதையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

"இனிமேல் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றவும்" என்ற தங்கள் மின்னஞ்சல் அறிவுரையும் முழுமையானதல்ல. தாது நீங்கிய தண்ணீரில் மின்சாரம் சரிவரக் கடத்தப்படாததால் நீர்மட்டக் கம்பி ஏமாறும், உலோகமும் அரிக்கப்படும். கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பதே காபிக்கு உகந்ததாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே ஹீட்டர், கேஸ்கெட்டுகள், பாதுகாப்பு வால்வு, நீர்மட்டக் கம்பி ஆகியவற்றைத் தங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். பாய்லரை அழுத்தச் சோதனை செய்து எழுத்தில் சான்று தர வேண்டும். அது தேறாவிட்டால் பாய்லரையே மாற்ற வேண்டும். எங்கள் தண்ணீருக்கு ஏற்ற சாஃப்ட்னரைப் பொருத்தி, அதற்கு எப்போது உப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்பதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டும். செய்யாத பணிக்கு வாங்கிய ஒப்பந்தக் கட்டணத்தையும் தம்பியின் மருத்துவச் செலவையும் திருப்பித் தர வேண்டும். அன்று ஊற்றப்பட்ட திரவம் என்ன என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வந்த இளைஞரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கையுறைகூடக் கொடுக்காமல் அவரை அனுப்பியவர்கள் பதில் சொல்ல வேண்டும். வேறு எந்தக் கடைக்கும் அவர் போவதற்குமுன் முறையான பயிற்சி கொடுங்கள்.

இந்தக் கடை என் குடும்பத்தின் ஒரே பிழைப்பு. சுயதொழிலால் வாழ்வை நடத்துவதற்காகப் பொருள் வாங்குபவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோரே. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிப்பேன். அதுவரை இயந்திரத்தை எவரும் தொடாதபடி இணைப்பைத் துண்டித்து அப்படியே வைத்திருக்கிறேன். தங்கள் மூத்த பொறியாளர் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காபிக் கடை உரிமையாளர்