விலாங்கு மீனும் நாற்பது பேரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இதைப் போனில் சொன்னால் "ரெய்டு தொடங்கப்போகுதுப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை நீ அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாய். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், நாற்பது பேர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை அடிக்கப் போகும் அந்த ரெய்டில், ஹெட்செட்டில் நீ பேசியதெல்லாம் இங்கே எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்டது தப்புதான், ஆனால் வைக்க மனம் வரவில்லை. நாற்பது பேரை என் மகள் நடத்துவதைக் கேட்க அவ்வளவு பெருமையாக இருந்தது. யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு யார் ஹீல் செய்து உயிரேற்ற வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னாய். துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும்போது மேஸ்திரிகள் இப்படித்தான் பேசுவார்கள்.

அப்புறம் கதுன் என்ற அரக்கனோடு சண்டை. அந்தப் பச்சைக் கதிர் ஒருவர்மேல் பட்டு, பக்கத்தில் நிற்பவருக்குத் தாவி, தாவத் தாவ வலுவேறும் என்று நீ முன்பே எனக்கு விளக்கியிருக்கிறாய். ஹீல் செய்யும் பிரீஸ்ட் பாத்திரத்தை ஆடுகிற அந்தப் பெண் இரண்டடி தள்ளி நிற்காமல் போனாள். எல்லோரும் செத்தீர்கள். "கேஷுவலா ஆடுறவங்களுக்கு இங்க இடமில்ல" என்று சொல்லி அவளை ரெய்டிலிருந்து நீக்கினாய். அவள் சாரி என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. அவள் நர்ஸ் என்று நீதானே சொன்னாய்? மெல்போர்ன் ஊரடங்கில் கிடக்கும்போது பகல் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிள்ளை.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒருத்தி பிசகினால் மற்ற 39 பேரின் ராத்திரி போகிறது. அந்த 39 பேரும் மருந்தும் சாப்பாடும் சேர்த்து, வாரம் முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்தவர்கள். பொழுதுபோக்குக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு என்று கேட்கிறவன் நான் இல்லை. விளையாட்டை முழு மனதோடு ஆடுவது பெரிய விஷயம். நீ சின்ன வயதில் கேரம் ஆடும்போதே, காய் விழாவிட்டால் அழுவாய்.

ஆனால் கேஷுவல் என்ற சொல்லை நீ சொன்ன விதம் எனக்கு வலித்தது. ஏனென்றால் நானும் கேஷுவல்தான்.

2020 மார்ச் ஊரடங்கில் நீதான் எனக்கு இந்த ஆட்டத்தின் பழைய வடிவமான கிளாசிக்கில் கணக்குத் திறந்து கொடுத்தாய். இத்தனை மாதத்தில் நான் 43-ஆம் லெவல். நீ உச்சமான 60-ஐத் தொட எத்தனை நாள் எடுத்தாய் என்று கேட்டு என்னை நானே வருத்திக்கொள்ளப் போவதில்லை. எனக்குத் தூண்டில் போதும். ஆட்டத்தில் வரும் தனாரிஸ் கடற்கரையில் உட்கார்ந்து தக்கை அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போவேன். என் பாத்திரத்தைச் சத்திரத்தில் படுக்கவைத்துவிட்டு வந்தால் மறுநாள் அரக்கனை அடிக்கும்போது இரண்டு மடங்கு அனுபவப் புள்ளி கிடைக்கிறது. அந்த ஏற்பாட்டின் கதையைப் படித்தேன். 2004-இல் ஆட்டம் வெளியாவதற்கு முன், சோதனைக் காலத்தில், அதிக நேரம் ஆடினால் களைப்பு என்று சொல்லிப் புள்ளியைக் குறைத்தார்களாம். எல்லோரும் திட்டினார்களாம். அதையே திருப்பிப்போட்டு, ஓய்வெடுத்தவருக்குக் கூடுதல் என்று பெயர் மாற்றியதும் சந்தோஷப்பட்டார்களாம். என்னைப் போன்றவன் வருவான் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

நீ சொல்வாய், அப்படி யோசித்ததில்தான் ஆட்டம் கெட்டது என்று. 2011-இல் கூட்டாளி இல்லாமலே வரிசையில் நின்று யாரும் ரெய்டுக்குள் போகலாம் என்று ஆக்கியதைப் பற்றி நீ பேசாத நாளில்லை. முகம் தெரியாதவர்கள் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் போனால், சேர்ந்து ஆடும் குழுவான கில்டு எதற்கு என்பாய். அதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2006-இல் நாற்பது பேருக்கென்று கட்டிய நக்ஸ்ரமாஸை மிகச் சிலரே உள்ளே போய்ப் பார்த்தார்கள். அத்தனை பேர் உழைத்துக் கட்டிய கோட்டை. 2008-இல் அதையே பத்துப் பேருக்கும் இருபத்தைந்து பேருக்குமாக மறுபடி திறந்தபோதுதான் மற்றவர்கள் உள்ளே கால் வைத்தார்கள். அவர்களும் மாதச் சந்தா கட்டினவர்கள்தானே?

இப்போது உன் டைட்டன்ஸ் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொள். செத்து எழுந்தாலும் போகாத, இரண்டு மணி நேரம் நிற்கிற மருந்து. அது இல்லாமல் நீ முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் வேலைக்குப் போக மாட்டாய். ஒரு பாட்டிலுக்குக் குரோம்ஸ்பிளட் மூலிகை முப்பது, கறுப்புத் தாமரை ஒன்று, ஸ்டோன்ஸ்கேல் விலாங்கின் எண்ணெய் பத்து. எண்ணெய் பத்து என்றால் விலாங்கு பத்து. ஏலக் கடையில் அந்த விலாங்கை யார் போடுகிறார்கள்? என்னைப் போல மாலையில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள்தான். தூத்துக்குடிக்காரனுக்கு விலாங்கு பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா?

உங்களிடமிருந்து எனக்கும் வருகிறது. ஒருநாள் ஸ்டார்ம்விண்ட் நகர வாய்க்காலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு கில்டு ஒனிக்ஸியா என்ற டிராகனைக் கொன்று தலையைக் கொண்டுவந்து நகர வாசலில் தொங்கவிட்டது. நகரத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பலம் கூடியது, எனக்கும் சேர்த்து. நான் விரலைக்கூட அசைக்கவில்லை.

கதுன் இருக்கும் அன்கிராஜ் கோயிலின் கதவு திறந்ததை மறந்துவிட்டாயா? போன மாதம்தானே. கதவைத் திறக்கும் மணியை அடிக்கிற செங்கோலுக்காக உன் கில்டு ஒரே ஒருவனுக்குப் பின்னால் நின்று ராப்பகலாக உழைத்தது. அது உங்களால் மட்டுமே முடியும். ஆனால் அந்த மணியை அடிப்பதற்கு முன் சர்வர் முழுவதும் சேர்ந்து காயத்துக்குக் கட்டும் துணியும் செம்புக் கட்டியும் மூலிகையும் சமைத்த மீனும் கொண்டுவந்து குவிக்க வேண்டியிருந்தது. நான் அயர்ன்ஃபோர்ஜ் நகரத்துக்கு இருபது இருபதாக யெல்லோடெயில் மீன் சுட்டுக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் ஒரு குட்டி லெவல் பையன் செம்புக் கட்டியோடு நின்றான். அவன் அந்தக் கோயிலுக்குள் என்றைக்கும் போகப் போவதில்லை. கதவு திறந்த அன்று அவனும் சிலித்தஸ் பாலைவனத்துக்கு ஓடிவந்து வேடிக்கை பார்த்திருப்பான். நான் போனேன், மூன்று தடவை செத்தேன். அந்தக் கூட்டத்தில் உன் பெயர் தெரிகிறதா என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரி ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான ஒன்று 1978-இல் தொடங்கியது. அதை உருவாக்கிய இருவரில் ரிச்சர்ட் பார்ட்டில் ஒருவர். அவர் 1996-இல் ஆடுபவர்களைச் சீட்டுக்கட்டு போல நான்காகப் பிரித்தார். சாதிக்க வருகிறவர்கள் டைமன். தோண்டித் துருவிப் பார்க்க வருகிறவர்கள் இஸ்பேட். பழக வருகிறவர்கள் ஆட்டின். அடுத்தவரை அடிக்க வருகிறவர்கள் கிளாவர். இதில் ஒரு வகை கூடினாலோ குறைந்தாலோ மற்ற வகைகளும் மாறும் என்பதுதான் அவர் முக்கியமாகச் சொன்னது. நீ டைமன், பாப்பா. நான் இஸ்பேட். அந்த நர்ஸ் பெண் ஆட்டின் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க முகக்கவசத்துக்குள் இருந்துவிட்டு, நாற்பது குரல்களைக் கேட்க வருகிறாள்.

கதுன் சண்டைக்கு அவள் சரிப்பட மாட்டாள் என்றால் அடுத்த வாரம் வேறு ஆளைப் போடு. அது உன் பொறுப்பு, நான் தலையிட மாட்டேன். மோல்டன் கோர் என்ற இன்னொரு ரெய்டுக்கு அவளைக் கூப்பிடலாமே, அங்கே தவறு செய்ய இடம் இருக்கிறது என்று நீயே சொல்வாய். எப்படியானாலும் எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னதற்கு அவளிடம் தனியாகப் பேசு.

எனக்கு மாலை ஆறு மணி என்றால் ஆஸ்திரேலிய சர்வரில் ராத்திரி பத்தரை. நைட்ஃபின் மீன் சிக்குகிற நேரம். இந்த வாரம் ஃபெராலஸில் உட்கார்ந்து இருபது பிடித்து சூப் வைத்திருக்கிறேன். மந்திர சக்தியான மானா ஊறுவதற்கு ஹீலர்கள் அதைத்தானே குடிக்கிறார்கள்? அந்தப் பெண்ணின் கேரக்டர் பெயரை எழுத்துப் பிசகாமல் அனுப்பு. தபால் பெட்டியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் அவளுக்குப் போய்ச் சேரும். உனக்கு விலாங்கு பத்து தனியாக வரும்.

அன்புடன்,
அப்பா