ஏற்காடு மலைச்சாலையும் மாமாவின் இடது கை கியரும்

அன்புள்ள மாமா,

ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறும் ஆசையை நீங்கள் கைவிட்டுவிட்டதாக அத்தை சொன்னார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மூச்சு முட்டிவிட்டது, முழங்கால் கெஞ்சியது, இந்த வயதுக்கு இதெல்லாம் ஆகாது என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்களாம். அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நேரில் பேசினால் பாதியில் மறித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். இதே ஆசையோடு அடிவாரத்தில் நின்று மலையை அண்ணாந்து பார்ப்பவர்கள் சேலத்தில் வேறு பலரும் இருப்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் சைக்கிளைக் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் மூன்று பல்சக்கரங்கள் இருக்கின்றன. நடுச் சக்கரத்திலும் சின்னச் சக்கரத்திலும் செயின் பட்ட தடமே இல்லை. பூசி அனுப்பிய கறுப்புச் சாயம் பல் நுனிவரை அப்படியே இருக்கிறது. பெரிய சக்கரத்தில் மட்டும் சாயம் போய், பல்லின் ஓரங்களில் இரும்பு மின்னுகிறது. இந்த மூன்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செயினை மாற்றும், இடது கைப்பிடியில் இருக்கும் கியரை நீங்கள் ஒருநாளும் தொட்டதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். "அதை மாற்றினால் செயின் கழன்றுவிடும்" என்று விற்றவர் சொன்னதாக அத்தை சொன்னார். செயின் கழலாமல் இருக்க இரண்டு சிறு திருகுகள் அங்கேயே இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். உங்கள் பெரிய சக்கரத்தில் 42 பற்கள், சின்னதில் 24. பின்னால் இருப்பதில் மிகப் பெரியது 28 பல். டயர் ஒருமுறை உருண்டால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். பெரிய சக்கரத்தில் ஏறினீர்களென்றால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் மூன்று மீட்டருக்கு மேல் நகர்ந்தாக வேண்டும். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 38 சுற்றுகூட வராது. ஒவ்வொரு சுற்றிலும் உடம்பின் முழு எடையையும் பெடல் மேல் ஏற்றி அழுத்த வேண்டியிருக்கும். முழங்கால் கெஞ்சாமல் என்ன செய்யும்? அதே வேகத்தில் 24 பல் சக்கரத்துக்கு மாற்றினால் 66 சுற்று கிடைக்கும். காலின் அழுத்தம் பத்தில் நான்கு பங்குக்கு மேல் குறையும். செய்யும் வேலை மொத்தத்தில் அதேதான். ஆனால் அதைச் சிறு சிறு தவணையாகச் செய்கிறீர்கள்.

இதை உங்களுக்கா நான் சொல்லித்தர வேண்டும்? ஏற்காட்டுத் தடத்தில் பஸ் ஓட்டியே ஓய்வு பெற்றவர் நீங்கள். சிறுவயதில் என்ஜின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். வளைவு வருவதற்கு முன்பே, நேர்ச் சாலையிலேயே கியரைக் குறைத்துவிடுவீர்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைத் தேடும் புது டிரைவர்களைக் கண்டால் உங்களுக்குக் கோபம் வரும். அறுபது பேரை ஏற்றிக்கொண்ட வண்டியை டாப் கியரில் மலையேற்றச் சொன்னால் சொன்னவரை என்ன பேசியிருப்பீர்கள்! அந்த அநியாயத்தைத்தான் உங்கள் சொந்தக் காலுக்குச் செய்திருக்கிறீர்கள். சைக்கிளிலும் அதே விதி. வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். குறைக்கும் நொடியில் மட்டும் பெடலை லேசாக விட்டுக்கொடுங்கள். முழு அழுத்தத்தில் மாற்றினால் செயின் சிக்கும்.

பிரான்சில் அல்ப் துவெஸ் என்றொரு மலைச்சாலை உண்டு. நம்முடைய 20 வளைவுகளைப்போல அங்கே 21 வளைவுகள், எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. 1952 முதல் உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயம் அங்கே பலமுறை ஏறியிருக்கிறது. அதில் ஓட்டுகிற வீரர்கள்கூட இன்று மலையில் லேசான கியரில்தான் ஏறுகிறார்கள். அவர்களுக்கே இல்லாத வீம்பு நமக்கு எதற்கு?

இன்னொன்று, லட்ச ரூபாய்க்குக் கார்பன் சைக்கிள் வாங்கினால்தான் ஏற முடியும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து சுமார் 92 கிலோ. ஆறு கிலோ குறைந்த சைக்கிள் வாங்கினால் மூன்று மணி நேர ஏற்றத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மிச்சமாகும். அவ்வளவுதான். அந்தப் பணத்தை வங்கியிலேயே விடுங்கள்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காட்டுக்கு 1,500 மீட்டர் என்று எழுதுவார்கள். ஏரிக்கரை அதைவிடச் சற்றுத் தாழ்வு. எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்தாறு மீட்டர் ஏற்றம். சராசரி அவ்வளவு பயமுறுத்தாது, வளைவுகள்தான் ஆளைச் சோதிக்கும். நாம் இடதுபக்கம் போகிறவர்கள் என்பதால் இடதுபுற வளைவில் உள்ளோரத்தில் மாட்டிக்கொள்கிறோம். அங்கேதான் சாலை சட்டென்று நிமிர்ந்து நிற்கும். வலதுபுற வளைவில் வெளியோரம் நமக்குக் கிடைக்கிறது. தூரம் கூடுதல், ஏற்றம் குறைவு. அங்கே மூச்சைத் தேற்றிக்கொள்ளலாம். இடது வளைவு வருகிறதென்றால் அதற்கு முன்பே சக்தியைக் கொஞ்சம் சேமித்து வையுங்கள்.

பின்னால் பஸ் வந்தால் வளைவுக்குக் கீழேயே ஓரமாக நின்றுவிடுங்கள். திரும்பும்போது பின்சக்கரம் உள்ளோரத்தை எப்படி அரைத்துக்கொண்டு வரும் என்பதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டியவர் நீங்கள். அந்த உள்ளோரத்தில் சைக்கிளோடு நிற்பது எப்படிப்பட்ட இடம் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். இறங்கி நிற்பதிலோ தள்ளிக்கொண்டு நடப்பதிலோ கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

வேகத்தை அளக்க மீட்டர் தேவையில்லை. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். சீட்டையும் உயர்த்த வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக மிகவும் தாழ்த்தி வைத்திருக்கிறீர்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சரியான உயரம். தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு இருக்கட்டும். வாழைப்பழத்தைப் பைக்குள் மறைத்து வையுங்கள், குரங்குகள் கண்டால் விடாது. விடியற்காலையில் காட்டெருமை சாலையில் நின்றால் தள்ளியே நில்லுங்கள், அது போகும்வரை அவசரமே இல்லை.

இறங்குவதுதான் எனக்கு உண்மையான கவலை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற உங்கள் பழைய பாடம் இங்கே செல்லாது. சைக்கிளில் என்ஜின் பிடித்து நிறுத்தாது. எல்லாப் பாரமும் பிரேக் கட்டைகள் மேல்தான். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். நேர்ச் சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்தி வாருங்கள். நடுவில் ஓரிரு முறை நின்று ரிம் ஆறட்டும். தேய்ந்த கட்டையை மாற்றிவிட்டே புறப்பட வேண்டும். மேலே கீழைவிட ஆறேழு டிகிரி குளிர்ச்சி. வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் உடம்பு நடுங்கும். அதனால் சட்டைக்குள் மார்பின் மேல் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள்காரர்களின் பழைய வழக்கம் அது, நன்றாகவே வேலை செய்யும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி., டிரெட்மில் சோதனை இரண்டையும் முடித்துவிடுங்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அப்போது மூக்கனேரிக் கரையில் ஓட்டுவோம். சரி என்று சொல்லிவிட்டால், வயதைக் காரணம் காட்ட உங்களுக்கு உரிமை கிடையாது.

சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம். கார் கூட்டம் தாங்காது. பெருமழைக் காலமும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தச் சாலையில் மண் சரிந்தது நினைவிருக்கும். வார நடுவில் ஒரு நாள், பொழுது விடியும்போது அஸ்தம்பட்டியில் சேர்ந்துகொண்டு கோரிமேடு வழியாகப் போவோம். முதல் நாள் ஐந்தாவது வளைவுவரை மட்டும் போய்த் திரும்புவோம், அடுத்த முறை பத்து. காப்பித் தோட்டங்களையும் மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களையும் நீங்கள் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து சாலையை மட்டுமே பார்த்தபடி கடந்துபோயிருக்கிறீர்கள். இம்முறை நின்று பார்க்கலாம்.

சோதனை முடிவு வந்ததும் அத்தையிடம் சொல்லி அனுப்புங்கள். ஸ்க்ரூ டிரைவரும் புதுப் பிரேக் கட்டைகளும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்