வேதாகமத் தாளில் வண்ணம் தீட்டும்போது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேதாகமத்தின் பக்க ஓரங்களில் படம் வரைந்து தியானிக்கும் பலர், நீர்வண்ணத்தை நேரடியாகத் தடவிவிட்டு, பின்பக்க வசனங்களில் கறை ஏறியதும் மனம் நொந்து விட்டுவிடுகிறார்கள். குறை அவர்கள் கையில் இல்லை, தாளில்தான். சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள சாதாரண அச்சுத்தாளில் பாதி எடைகூடப் பல வேதாகமத் தாள்களுக்கு இராது. ஈரம் பட்டால் சுருங்கும், மறுபக்கம் ஊறும்.

அதனால் முதலில் நிறமற்ற ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் தாளில் தடவும் அடிப்பூச்சு) பூசுங்கள். பக்கத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வேண்டும். பட்டாணி அளவு ஜெஸ்ஸோவைப் பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால், தையல் பக்கத்திலிருந்து வெளி ஓரம் நோக்கி வழித்து இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் மெல்லிய தாள் மடிந்து கிழியும். அரை மணி நேரம் தானாகக் காயட்டும். விரலால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். வண்ணம் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான். வெள்ளை ஜெஸ்ஸோ வசனத்தையே மறைத்துவிடும், பார்த்து வாங்குங்கள்.

தூரிகையை நனைத்ததும் துணியில் ஒற்றிவிட்டே வண்ணம் தொடவேண்டும். எழுத்தின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணங்கள் மட்டும் போதும். அக்ரிலிக் வண்ணத்தைத் தடிப்பாகப் பூசினால், காய்ந்த பிறகும் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் அச்செழுத்தோடு உரிந்து வரும். இடையில் மெழுகுத்தாள் வைத்தே மூடுங்கள். ஆல்கஹால் மார்க்கர் வேண்டவே வேண்டாம்.

எந்த வண்ணமானாலும், கடைசி வெற்றுப் பக்கத்தின் மூலையில் சோதித்த பிறகே வசனப் பக்கத்தைத் தொடுங்கள்.

– ஒரு வாசகர்