வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு டோஸை ஏற்றச் சொல்லுங்கள்: மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேல், தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. இவர்களில் நீரிழிவு நிபுணரிடம் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் தெருமுனைக் கிளினிக்கின் எம்.பி.பி.எஸ். டாக்டர், இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர். அவர்களுக்கு நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டிய பயிற்சியைப் பற்றியே இந்த மடல்.

அண்மையில் 58 வயது அம்மா ஒருவரை மயங்கிய நிலையில் தூக்கி வந்தார்கள். குளுக்கோமீட்டரில் 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துவிட்டார், நல்லவேளை. அவருடைய நோட்டைப் புரட்டினால் கதை அதிலேயே இருக்கிறது. காலை இன்சுலின் டோஸ் 18 யூனிட்டில் தொடங்குகிறது. சுகர் குறையவில்லை, 22. பிறகு 26, 30, 36. ஒவ்வொரு முறையும் பிரிஸ்கிரிப்ஷனில் புது எண். “ஊசியை எங்கே போடுகிறீர்கள், காட்டுங்கள்” என்று ஒரு முறைகூட யாரும் கேட்டதாகக் குறிப்பு இல்லை. சேலையை விலக்கிப் பார்த்தால் தொப்புளுக்கு இரு பக்கமும் எலுமிச்சை அளவுக்கு இரண்டு கட்டிகள். நாள் தவறாமல் அதே இடத்தில், வலிக்காத இடம் என்று, பழைய ஊசியாலேயே குத்தியதில் கொழுப்பு தடித்துப் போயிருக்கிறது. கட்டிக்குள் போன மருந்து சரியாக உறிஞ்சப்படாது. சுகர் இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றுவார். அன்று மகள் வந்து ஊசி போட்டிருக்கிறார். வயிறு கல்லாக இருக்கிறதே என்று தொடையில் போட்டார். 36 யூனிட்டும் முழுசாக வேலை செய்துவிட்டது.

இதில் யாருடைய அறிவுக்கும் குறைவில்லை. அந்த டாக்டருக்கு இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். விரல்களால் வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும், கட்டி இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லும்போதே டோஸை ஐந்தில் ஒரு பங்காவது குறைத்து, ஒரு வாரம் நெருக்கமாகச் சுகர் பார்க்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கைப்பிடித்துக் கற்றுத்தரவில்லை. எம்.பி.பி.எஸ். படிப்பில் இன்சுலினின் மூலக்கூறு அமைப்பு வரை தேர்வுக்கு வருகிறது. நோயாளிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பது மட்டும் எந்தத் தேர்விலும் வருவதில்லை போலும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. டாக்டர் தன் பதிவைப் புதுப்பிக்க, தொடர் மருத்துவக் கல்வியில் ஐந்தாண்டுக்கு 30 கிரெடிட் மணி நேரம் கேட்கிறீர்கள். பொது மருத்துவம் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அதில் 6 மணி நேரத்தை நீரிழிவுக் கைப்பயிற்சிக்கு ஒதுக்குங்கள். செய்து காட்டியவருக்கு மட்டும் கிரெடிட் கொடுங்கள்.

செய்து காட்டுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் குப்பி இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாறாக, 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் எது இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். சீட்டில் “சிவப்பு மூடி, 40” என்று எழுத வேண்டியது டாக்டர். பயிற்சிக்கு வருபவர் இந்த இரண்டு சிரிஞ்சையும் கையில் எடுத்து, தண்ணீர் இழுத்து, வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். கலவை இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து, ஒரே சீரான பால் நிறம் வந்த பிறகே இழுக்க வேண்டும். திறந்த குப்பி நாலு வாரம். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதை இளக்கிப் போடக் கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்சட்டி போதும், மருந்துக்குள் தண்ணீர் புகாமல் இருந்தால் சரி. இவ்வளவையும் டாக்டர் சொல்லி முடித்த பின், “இப்போது நீங்கள் எனக்குச் செய்து காட்டுங்கள்” என்று நோயாளியிடம் சிரிஞ்சைக் கொடுக்க வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை போதும். கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். காய்ப்பு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு உணர்ச்சி இல்லை என்று எழுதுவது தவறு. முதலில் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். அதுவே பல கிளினிக்கில் நடப்பதில்லை.

லோ சுகர் பற்றிய பாடம் இன்னும் அவசரம். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை தின்னும் வயசானவருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், ஒரு முறை தெளிந்தாலும் திரும்ப இறங்கும். வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நோன்புக்கோ விரதத்துக்கோ முன்பு மருந்தை மாற்றி எழுதிக் கொடுப்பதும் இதில் சேர்ந்ததே.

சாப்பாட்டு விஷயத்தைப் பற்றிப் பேசினால் கோபம்தான் வருகிறது. ஓட்ஸ், ஆப்பிள், ஆலிவ் எண்ணெய் என்று அச்சடித்த டயட் சார்ட் ஒன்றை நீட்டுகிறார்கள், நூறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு. அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர் ஐந்து சப்பாத்தி சாப்பிடுகிறார். கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று காபியில் போடுகிறார். கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று நம்புகிறார். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ என்று ஒரு தட்டை வரைந்து காட்ட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை நாம் கொடுக்காததால்தான் “இருபத்தொரு நாளில் சுகர் போயே போச்சு” என்று லேகியம் விற்கிறவர் யூடியூபில் அரை மணி நேரம் கொடுக்கிறார், அன்பாகவும் பேசுகிறார்.

பயிற்சியே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நட்சத்திர விடுதியின் குளிரூட்டிய கூடத்தில் புது மருந்து மூலக்கூறு பற்றி நாற்பது ஸ்லைடு, கேள்வி நேரத்தில் எழுந்து போய் பஃபேயில் வரிசை, கையெழுத்து, கிரெடிட். நவம்பர் 14 வந்தால் கட்டடங்களுக்கு நீல விளக்கு. அந்த அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வித்தை இதில் எந்த ஸ்லைடில் வந்தது என்று அறிய ஆவல்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது. அந்தப் பெருமை உங்களுக்கு முழுக்க உரியது, மனமார வாழ்த்துகிறோம். வீட்டு வாசலில் மாத்திரை தரும் தன்னார்வலர், சந்தேகம் கேட்டால் “டாக்டரைக் கேளுங்க” என்கிறார். அது சரியான பதில்தான். டாக்டரிடம் வரிசையில் நின்றவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். எனவே தொற்றா நோய்ப் பிரிவின் செவிலியரையும் அதே பயிற்சிக்கு டாக்டரோடு சேர்த்து அனுப்புங்கள். டாக்டர் டோஸைத் தீர்மானிக்கட்டும், ஊசி போடும் முறையைச் செவிலியர் பக்கத்து மேசையில் கற்றுக்கொடுக்கட்டும்.

இது முடியாத காரியமில்லை. இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையும் சென்னை டாக்டர் மோகன்ஸ் நீரிழிவுக் கல்வி நிறுவனமும் 2010இலிருந்து, வேலையை விடாமலே மாதம் ஒரு நாள் வந்து படிக்கும்படி டாக்டர்களுக்குப் பாடம் நடத்துகின்றன. விருப்பமுள்ளவர், கட்டணம் கட்ட முடிந்தவர் சேருகிறார். விருப்பமில்லாதவரின் நோயாளிகள் என்ன செய்வது?

அடுத்த கிரெடிட் சுற்றறிக்கையில் இந்த 6 மணி நேரத்தைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வட்டாரத்துக்கு ஒரு அறை, இருபது பேர், இரண்டு வகைச் சிரிஞ்ச், காலிக் குப்பிகள், குத்திப் பழக ஸ்பாஞ்ச், மோனோஃபிலமென்ட் ஆளுக்கு ஒன்று. மருந்து நிறுவனத்தின் பேனரும் சாப்பாடும் வேண்டாம். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
நீரிழிவு நோயாளிகளுக்குக் கற்பிக்கும் செவிலியர்களும் கல்வியாளர்களும்