லத்தீனுக்குப் போவானேன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற செவ்வாயன்று மாணவர் பக்கத்தில், ஆங்கிலச் சொல் விளக்கும் கட்டத்தில் 'பரையா' என்ற சொல்லுக்குச் 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் தந்து, 'லத்தீனிலிருந்து வந்தது' என்று முடித்திருந்தீர்கள்.

லத்தீனாம்! பறையர் என்ற நம் சொல்தான் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. நல்ல ஆங்கில அகராதி எதைப் புரட்டினாலும் தமிழ் என்று போட்டிருக்கும். தங்கள் அலுவலகத்தில் அகராதி இல்லாமலா இருக்கும்? றகரத்தை ரகரமாக்கிவிட்டால் அடையாளம் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள் போலும்.

முப்பத்தொரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். என் அப்பா பறை அடித்தவர். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார். விரலால் சுண்டிப் பார்த்து, "இப்போது பேசும்" என்பார். கல்லூரியில் இந்தச் சொல் பாடத்தில் வந்த அன்று, பேராசிரியர் பொருள் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குச் சொல்லின் மூலம் நன்றாகவே தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரன் பருந்தைக்கூட விடவில்லை. குப்பைமேட்டில் வட்டமிடும் கரும்பருந்து 'பரையா கைட்'. கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து 'பிராமினி கைட்'. இந்தப் பாகுபாட்டை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்பது தாங்கள் அறியாததல்ல. 1893இல், ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காகப் போராடிய இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். அவர் கூசாமல் முகப்பில் அச்சிட்ட சொல்லைத் தாங்கள் லத்தீனுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறீர்கள்.

மூன்றாண்டுகளுக்கு முன் பொங்கல் சிறப்பிதழில், பறையாட்டக் கலைஞர்களின் வண்ணப்படத்துக்குக் கீழே 'சாவு மேளம்' என்று போட்டிருந்தீர்கள். அப்போதும் இரண்டு பக்கம் எழுதினேன். அதைச் சுருக்கிச் சுருக்கி, 'படம் அருமை' என்பதை மட்டும் என் பெயரில் வெளியிட்டீர்கள். ஊரார் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். அந்த வாரம் முழுவதும் நான் தேநீர்க்கடைப் பக்கம் போகவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அதே பக்கத்தில், அதே கட்டத்தில் ஒரு வரித் திருத்தம்: 'இது தமிழ்ச் சொல், பறை என்பதிலிருந்து வந்தது.' வல்லின றகரம் போடச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் தயவுசெய்து வெளியிடவே வேண்டாம்.

தங்கள் நாற்பதாண்டு வாசகன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், செய்யாறு