வாசிகசாலைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வாசிகசாலைக் கூரை இப்போது ஒழுகவில்லை. மாரி தொடங்கி ஒன்றிரண்டு பெருமழையைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதத் துணிந்தோம்.

பொதுக்கூட்டம் திருப்பணிக் குழுவிடம் ஒப்படைத்த வேலைகள் இரண்டு. ஒன்று கட்டடம். மற்றது, நாம் படித்த பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் படமும் குறிப்புமாக உள்மண்டபச் சுவரில் வைப்பது. கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கறையான் தின்ற பனஞ்சலாகைகளைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டாயிற்று. வடக்குத் தீராந்தி மாற்றப்பட்டது. இத்துப்போன பீலி அகற்றப்பட்டு, தண்ணீர் நேரே கிணற்றடிப் பக்கம் போகும்படி வழி செய்யப்பட்டுள்ளது. முதலில் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் ஓட்டை இறக்கி வளவில் அடுக்கியதோடு வேறு வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் அவரிடம் கெஞ்சிக்கொண்டிராமல் ஊர் மேசன்மாரையும் தச்சரையும் நாட்கூலிக்குப் பிடித்தோம். அதுவே நல்லதாய்ப் போயிற்று. பழைய ஓடுகளில் உடையாததைப் பொறுக்கி, தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணில் படும் முன்கூரைக்கு அவர்களே போட்டார்கள். நாங்கள் சொல்லிக் கொடுத்ததல்ல.

சுவர்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

எங்கே தொடங்குவது என்பதிலேயே குழுவுக்குள் இரண்டு கட்சி. 1952 ஒக்டோபரில் கலைப்பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு மலையேறிய நாளில் தொடங்கினால் போதும், மற்றதெல்லாம் கொழும்பின் கதை என்றார்கள் சிலர். அப்படிச் செய்தால் சேர் பொன்னம்பலம் அருணாசலம் சுவரிலேயே இருக்கமாட்டார். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை உருவாக்கி, இந்த நாட்டுக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று வருடக்கணக்காகப் பேசியும் எழுதியும் வந்தவர் அவர். 1921இல் லண்டன் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்யும் பல்கலைக்கழகக் கல்லூரிதான் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு 1924இல் காலமானார். பேராதனையில் அவர் பெயரால் ஒரு விடுதி இருக்கிறது. அங்கே வருடக்கணக்கில் குடியிருந்தும் அவர் யாரென்று கேட்காமலே பட்டம் வாங்கி வந்தவர்கள் நம்மில் பலர். ஆகவே முதற்பலகை அருணாசலத்துக்கு.

இரண்டாவது பலகை இடத்தைப் பற்றிய சண்டைக்கு. இளைய உறுப்பினர்கள் அதிகம் நின்று வாசிப்பது இதைத்தான். கொழும்பு புல்லர்ஸ் வீதியில் கட்டுவதா, கண்டிப் பக்கம் கொண்டுபோவதா என்று 1920களில் தொடங்கிய வாக்குவாதம் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன கண்டிக்காக நின்றார். கண்டி என்று முடிவான பிறகும், தும்பறைப் பள்ளத்தாக்கா பேராதனையா என்று இன்னொரு சுற்று நடந்தது. 1938இல்தான் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபை பேராதனையைத் தெரிந்தெடுத்தது. பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது. 1944இல் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார். பல்கலைக்கழகம் வருமுன் பேராதனைக்கு ஜெனரல்கள் வந்துவிட்டார்கள் என்று மூத்த அண்ணைமார் சொல்லிச் சிரிப்பது அதனால்தான்.

இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தது 1942 யூலை 1ஆம் திகதி, கொழும்பில். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அரசியலமைப்புச் சட்ட வல்லுநர் என்று உலகம் அவரை அறியும். பேராதனைக்காரருக்கு அவர் மரம் நட்டு வீதி போட்ட மனிதர். வளாகத்தின் பெருந்திட்டத்தை வரைந்தவர்கள் பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபோர்ட் ஹொலிடேயும். அதைக் கல்லும் ஓடுமாக்கியவர் கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். ஹந்தானை மலையையும் மகாவலியையும் மறைக்காமல் கட்டடம் எழுப்புவது எப்படி என்று தெரிந்தவர். செனற் கட்டடத் தூண்களில் கண்டி அரசரின் சபாமண்டபமான மகுல் மடுவத்தின் சாயல் உண்டு. ஆனால் பழங்காலக் கோயிலைப் போலி செய்தது போல இராது. அவர் 1952இல் இறந்துபோனார். 1954 ஏப்ரல் 20ஆம் திகதி எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் எடின்பரோ கோமகன் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்தபோது அவர் இல்லை. அதற்கு முன்பே மாணவர்கள் வகுப்புக்குப் போய்வந்து கொண்டிருந்ததால், வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடுகிறேன் என்ற பொருள்பட கோமகன் பேசியதைச் சுவரில் போட்டிருக்கிறோம். பல்கலைக்கழக விழாப் பேச்சுகளில் இத்தனை வருடம் நினைவில் நிற்பது வேறேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

நடுச்சுவர் முழுவதும் தமிழ்த்துறைக்கு. கொஞ்சம் அதிகம்தான் என்று பொறியியற்பீட உறுப்பினர்கள் முறையிட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைக் கீழே சொல்கிறோம். முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர், 1943 முதல் 1947இல் இறக்கும்வரை. அவர் பேராதனையில் இருந்ததில்லை, துறை அப்போது கொழும்பில். அவருக்குப் பின் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அப்படியே மேடையேற்றி நாடகம் எழுதியவர். அப்புறம் வி. செல்வநாயகம், சு. வித்தியானந்தன்.

வித்தியானந்தனின் கூத்து முயற்சிக்கு மட்டும் தனிப் பலகை இருக்கிறது. 1956இல் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’யை மேடையேற்றியபோது, சிங்கள நாடகத்துக்கு ‘நாடகம’ என்ற பழைய நாட்டார் நாடக மரபிலிருந்து புதிய உயிர் வந்தது. அந்த மரபுக்குத் தமிழ்க் கூத்தோடு உறவு உண்டு. நம் கூத்து மட்டும் ஏன் கிராமத்து வட்டக்களரி என்ற வட்ட அரங்கோடு நிற்க வேண்டும் என்ற கேள்வி பேராதனையில் எழுந்தது இயல்பு. மட்டக்களப்பிலிருந்து கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை வரவழைத்து, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார்கள். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி. 1962இல் வடமோடியில் ‘கர்ணன் போர்’. அடுத்த வருடம் தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’. 1964இல் ‘இராவணேசன்’, அதில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. விடிய விடிய நடக்கும் கூத்தை மண்டப மேடைக்கேற்பச் சுருக்கியதைக் குறை சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நாற்புறமும் ஆட்கள் சூழ ஆடியதை ஒரு பக்கம் மட்டும் பார்க்க வைத்தால் கூத்தின் பாதி போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் ஆங்கிலம் படித்த நகரத்தான் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் காது கொடுத்திருக்கமாட்டான் என்பது குழுவின் அபிப்பிராயம். பலகையில் இரண்டு பக்கமும் எழுதப்பட்டுள்ளது. இந்தப் பலகையின் கீழ்க் கண்ணாடிப் பெட்டியில் ஓர் உறுப்பினர் தந்த சதங்கை இருக்கிறது. தோல்பட்டி வெடித்துவிட்டது, மணிகளில் சில பச்சை பிடித்துவிட்டன. துலக்க வேண்டாம் என்று அவரே சொன்னார், அப்படியே வைத்திருக்கிறோம்.

பொறியியற்பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு வந்தது. முதற் பீடாதிபதி ஈ. ஓ. ஈ. பெரேரா. அந்தப் பீடத்தின் பலகையில் பெரிதாக நிற்பவர் பேராசிரியர் அ. துரைராஜா. மண்ணின் இயல்பு பற்றிக் கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் உலகமெங்கும் மண்பொறியியலில் எடுத்தாளப்படுகிறது. பேராதனையில் பீடாதிபதியாக இருந்தவர், பின்னர் உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்து, 1994இல் இறந்தார். இடம் சிறிது, ஆள் பெரிது. பொறியியலாளர்கள் இதோடு சமாதானமாக வேண்டும்.

வளாக வழக்கங்களின் பலகைக்கு எல்லோரும் கதை தந்தீர்கள். எல்லாம் சுவரேறவில்லை. பொல்காவலையில் ரயில் மாறி, கண்டி வண்டிக்காகக் குளிரில் காத்திருந்தது. வளாகத்து ரயில் நிலையமான சரசவி உயனவில் பெட்டியோடு இறங்கியது. லவ்வர்ஸ் லேன், கிஸ்ஸிங் பெண்ட் என்ற பெயர்களைக் கேட்டு முதல் வாரம் கூச்சப்பட்டது. ஹந்தானை ஏறி அட்டை கடியோடு திரும்பியது. இவை இருக்கின்றன. லவ்வர்ஸ் லேனில் யார் யாருடன் நடந்தார் என்ற பட்டியலைத் தந்த உறுப்பினருக்கு நன்றி. அதைக் குழு பத்திரமாக வைத்திருக்கிறது, சுவரில் வைக்காது.

‘வள’ என்று எல்லோரும் சொல்லும் திறந்தவெளி அரங்கு தனியாகக் குறிக்கப்பட வேண்டியது. மலைச்சரிவே ஆசனம். 1961இல் சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ நாடகம் அரங்கேறியது அங்கேதான். இப்போது அந்த அரங்குக்குச் சரச்சந்திரவின் பெயர். நாடகம் பிடிக்காவிட்டால் அங்குள்ள சபை சும்மா இராது, ஊளையிட்டே நடிகரை இறக்கிவிடும். அங்கே தப்பிய நாடகம் எங்கும் தப்பும் என்று சொல்வார்கள். குறிஞ்சிக் குமரன் கோயில் திருவிழா, பௌத்த விகாரை, தேவாலயங்கள், பள்ளிவாசல், தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ ஆண்டுமலர் எல்லாம் இந்தப் பலகையிலேயே அடங்குகின்றன.

இனி, கடைசிச் சுவர். இதை வைக்க வேண்டாம் என்று கடிதம் எழுதியவர்கள் உண்டு. வாசிகசாலை சந்தோஷமாக இருக்கட்டுமே என்றார்கள். குழு இரண்டு கூட்டம் பேசி, வைப்பது என்று தீர்மானித்தது. காரணம் இதுதான்: வழக்கங்களைப் பெருமையாக எழுதிவிட்டு, புதிய மாணவர்களை மூத்தவர்கள் வதைக்கும் பகிடிவதையை மட்டும் விட்டால் மற்றதையும் யாரும் நம்பமாட்டார்கள். 1975இல் இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து, பகிடிவதைக்குத் தப்பக் குதித்த மாணவி ஒருவர் ஆயுள் முழுக்க நடக்க முடியாதவராகிப் போனார். 1997இல் பொறியியற்பீடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்தார். அதன்பின் வந்ததுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். ‘எங்கட காலத்தில் அது வெறும் பகிடிதான்’ என்று எழுதித் தந்த குறிப்புகளைச் சேர்க்கவில்லை. பெயர்களையும் போடவில்லை.

அதே சுவரில் 1971 பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டியிருந்த குறைந்தபட்சப் புள்ளிகளான வெட்டுப்புள்ளிகள் இருக்கின்றன. பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலம் 227, தமிழ் மொழிமூலம் 250, இரண்டும் 400 புள்ளிக்கு. வேறு விளக்கம் எழுதவில்லை. 1976 நவம்பர் 12ஆம் திகதி வளாகத்துக்குள் பொலிஸ் சுட்டு மாணவர் வீரசூரிய இறந்தது, 1983 மே மாதம் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளைவிட்டு ஓட நேர்ந்தது, 1989இல் டி அல்விஸின் பெயர் தாங்கிய குளத்தைச் சுற்றி இளைஞர்களின் வெட்டுண்ட தலைகள் வைக்கப்பட்டது, எல்லாம் வருட வரிசையில் உண்டு. 1983இல் தங்களை அறையில் ஒளித்து வைத்துக் காத்த சிங்கள நண்பர்களைப் பற்றி உறுப்பினர்கள் எழுதித் தந்த இரண்டு தாள்கள் அந்தப் பலகையின் பக்கத்திலேயே சட்டமிட்டுத் தொங்குகின்றன. இந்தச் சுவர் முன்னால் இளையவர்கள் நின்று வாசிப்பதைப் பார்த்த பிறகு, கடிதம் எழுதியவர்களில் ஒருவர் தாமே வந்து மின்விளக்கு ஒன்றை அங்கே பொருத்தித் தந்தார்.

1972இல் பேராதனை நாடு முழுவதற்குமான ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகச் சுருங்கியது, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1979 ஜனவரி முதல் மீண்டும் தனிப் பல்கலைக்கழகமானது போன்ற நிர்வாக மாற்றங்கள் வாசலருகே சிறு அட்டவணையில் உள்ளன. தேவைப்படுவோர் பார்க்கலாம்.

செலவுக் கணக்கு, கணக்காய்வாளரின் கையொப்பத்தோடு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. கூரைதான் பெருஞ்செலவு, அடுத்து மரவேலை, பலகைகளுக்கு நாம் பயந்த அளவு போகவில்லை. எஞ்சிய சிறு தொகை நிலையான வைப்பில் இடப்பட்டு, வட்டி வருடாவருடம் கறையான் மருந்துக்கு ஒதுக்கப்படும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்களில் சிலர் பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை என்கிறார்கள். முகவரி மாறியவர்கள் பொருளாளருக்கு ஒரு வரி எழுதவும்.

முடியாமல் நிற்பவை: ‘இளங்கதிர்’ தொகுதியில் இடையிடையே பல மலர்கள் இல்லை. வீட்டு அலுமாரியில் வைத்திருப்பவர்கள் தர மனமில்லாவிட்டால், படியெடுக்க இரண்டு நாள் இரவல் தந்தால் போதும். பழைய படங்களைத் தருவோர் தயவுசெய்து பிளாஸ்ரிக் உறை ஒட்டிக் கொண்டுவர வேண்டாம். பின்பக்கத்தில் பென்சிலால் வருடமும் விடுதியும் எழுதினால் பெரிய உதவி. மேற்கு யன்னலுக்குத் திரை போட வேண்டும், பின்னேர வெயில் நேரே கூத்துப் பலகையில் விழுகிறது.

வாசிகசாலை திங்கள் தவிர மற்ற நாட்களில் பின்னேரம் நான்கு மணி முதல் ஏழு மணிவரை திறந்திருக்கும். சாவி செயலாளரிடம், மாற்றுச் சாவி பக்கத்துத் தேநீர்க் கடையில். திருப்பணிக் குழு இந்த அறிக்கையோடு கலைகிறது.

திருப்பணிக் குழுவினர்