வாடகை வண்டி வரும் முன்

திருவொற்றியூர்

அன்புள்ள பழனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் இப்போது விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வேலைக்குப் போகிறாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போன காலத்தில், அவள் வீடு வந்து சேரும்வரை அவள் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓசூர் குடோனுக்குத் தம்பி எலக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டி) வாடகைக்கு எடுக்கிறான், ஆபரேட்டர்கள் எல்லாம் டீசல் வண்டியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், பயிற்சி எதற்கு என்கிறான் என்று எழுதியிருக்கிறாய். பழனி, பயிற்சி முதலில் தேவைப்படுவதே அவர்களுக்குத்தான். புதுப் பையன் பயந்து பயந்து ஓட்டுவான். பழைய ஆளுக்கு யோசிக்கும் முன்பே கால் போய்விடும்.

மணலி புதுநகர் பக்கம் ஒரு குடோனில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். டீசல் வண்டியில் இடது பெடலுக்கு இன்ச்சிங் என்று பெயர். மிதித்தால் வண்டி மெதுவாகும். அங்கே வந்திருந்த எலக்ட்ரிக் வண்டியில் ஆக்ஸிலேட்டரே இரண்டு: வலது முன்னால் போக, இடது பின்னால் வர, நடுவில் பிரேக். நல்ல கைக்காரர் ஒருவர் சரக்கு அடுக்கும் ரேக்கை நெருங்கும்போது மெதுவாக்க நினைத்து இடது காலை அழுத்தினார். வண்டி சடாரென்று நின்று பின்னால் வந்தது. நல்லவேளை, லோடு இல்லை, பின்னால் ஆளும் இல்லை. இறங்கி நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

அதனால் முதல் நாள் லோடே வேண்டாம். சாவி போடும் முன் எந்த லிவர் எதற்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லட்டும். பெடலிலிருந்து காலை எடுத்தால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று காலி இடத்தில் பார்க்கட்டும். எலக்ட்ரிக்கில் ஆக்ஸிலேட்டரை விட்டாலே தானாக வேகம் குறையும், அதுவும் வண்டிக்கு வண்டி மாறும். அப்புறம் காலி பாலெட் (சரக்கு வைக்கும் பலகைத் தட்டு), அப்புறம் பாதி லோடு. உயரமான ரேக்குகளுக்கான ரீச் டிரக் வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். அதில் பக்கவாட்டில் உட்கார வேண்டும், சில மாடலில் ஸ்டீயரிங் திருப்பும் திசையே மாறியிருக்கும்.

எவ்வளவு எடை தூக்கலாம் என்று வண்டியில் அடித்திருக்கும் தகட்டை எல்லோரும் படித்தே ஆகவேண்டும். 3 டன் வண்டி என்றால் எதையும் 3 டன் தூக்கும் என்று அர்த்தமில்லை. லோடின் நடுப்புள்ளி, சரக்கைத் தாங்கும் இரும்புக் கரமான ஃபோர்க்கின் நிமிர்ந்த முதுகிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால்தான் பெரும்பாலும் அந்தக் கணக்கு. 2 மீட்டர் நீளப் பெட்டியை நீளவாக்கில் எடுத்தால் நடுப்புள்ளி 1 மீட்டருக்குப் போய்விடும். சீசாவில் பையன் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்த மாதிரி, அதே எடை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும். சரக்கைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மாட்டினால் தூக்கும் எடை இன்னும் குறையும். மாட்டிய கிளாம்போடு சேர்த்துத் தகடு போட்டிருக்கிறார்களா என்று வாடகைக்காரனிடம் கேட்கச் சொல். ஃபோர்க்கின் அடிவளைவையும் பார்க்கவேண்டும். அதன் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அந்த ஃபோர்க் வேண்டாம்.

இன்னொன்று, என் மனசை அறுப்பது. வண்டி சாயும்போது குதிக்கத்தான் எவனுக்கும் தோன்றும். குதித்தவன் மேல்தான் மேல்கூண்டு விழுகிறது. பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து உள்ளேயே இருக்கவேண்டும். வாயால் சொன்னால் போதாது. நிற்கும் வண்டியில் உட்கார வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வை. பீகார், ஒடிசா பையன்கள் இருந்தால் இந்தி தெரிந்த ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்து. தலையாட்டியதைப் பார்த்து புரிந்துவிட்டது என்று விட்டுவிடாதே.

அமெரிக்காவில் 1999 முதல் இந்தப் பயிற்சி சட்டம். வேறு வகை வண்டி கொடுத்தால் மறுபடி பயிற்சி, எப்படியும் 3 ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிக் காட்டவேண்டும். நம் ஊரில் யாராவது வந்து கேட்கட்டும் என்று தம்பி காத்திருக்கவேண்டாம்.

வண்டி வந்ததும் தகட்டையும் லிவர்களையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். லோடு ஏற்றும் வேலையை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் நானே வந்து ஆட்களோடு நிற்கிறேன். பஸ் டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், தேதியை மட்டும் சொல்.

உன்,
ஏழுமலை